நாற்பத்தோராவது மரம்

மார்பளவு உயரம் என்றால்
ஒரு மீற்றர் முப்பது.
யாருடைய மார்பு, கேட்டார் மஃறூப்.
கைநூலில் அது இல்லை.

கந்தளாய்க் குளத்துக்கு மேற்கே,
நீர் பின்வாங்கிய ஆவணியில்
கயிறு கட்டிய நீள்சதுரத்துக்குள்
சுற்றளவு எடுக்கிறோம்:
பாலை, நூற்றுப் பதினாறு.
முதிரை, எழுபத்திரண்டு.
விண்ணாங்கு,
வியர்வை விழுந்து எண் கரைந்துவிட்டது,
மறுபடி.

சருகு வலைகள் பன்னிரண்டு.
மாதமொருமுறை கவிழ்த்து
இலை, சுள்ளி, பூ, பழம் எனப் பிரித்து
எழுபது பாகையில் உலர்த்தி நிறுத்தால்
காடு அந்த மாதம் உழைத்ததில்
உதிர்ந்த பங்கு தெரியும்.
பாலை பழுத்த மாதம் வலையில் ஒரு பழமும் இல்லை,
குரங்குகள் முந்திக்கொண்டன.
ஏழாம் வலையை யானை மிதித்தது.
அந்தக் கட்டத்தில் ஒரு கோடு.

செய்மதிப் படத்தில் இதெல்லாம்
பத்து மீற்றர்ச் சதுரங்கள், பச்சை.
கரையோரத்தில் நிறம் கலங்கும் சதுரங்களை
நான் கழித்துவிடுகிறேன்.
அங்கே பாதி நீர், பாதி நாணல்,
ஒரு எருமையாகவும் இருக்கலாம்.

நாற்பத்தொன்றைக் காணவில்லை.
போன வருடம் வீரை, நூற்றிருபத்தாறு,
என் கையெழுத்துத்தான்.
இன்று அடிக்கட்டை.
எண் அடித்த தகரம் மட்டும்
பக்கத்து மரத்தில்
அதே உயரத்தில், நேராக, அறையப்பட்டிருந்தது.

மஃறூப் நாடாவைச் சுருட்டினார்,
விரித்தார், திரும்பச் சுருட்டினார்.
"நான்தான் மிஸ்.
மகளுக்கு கம்பஸ் கிடைச்ச கிழமை.
லேண்ட்மாஸ்டர்ல ரெண்டு நடை.
பேக்கரிக்காரன்ட தராசில
ஆயிரத்து முந்நூற்றுப் பத்து. பச்சையா."

வெட்டி நிறுக்க எங்களுக்கு அனுமதி இல்லை.
அதனால்தான் சமன்பாடு:
விட்டம், உயரம், அடர்த்தி,
வேறெங்கோ யாரோ சாய்த்த மரங்களின் மடக்கை.
இரவு, விடுதியில் மின்சாரம் போனபின்
கைபேசி வெளிச்சத்தில் ஈரத்தைக் கழித்தேன்.
எண்ணூற்று எண்பது.
சமன்பாடு சொன்னது தொள்ளாயிரத்து இருபது.
மிச்ச நாற்பது எங்கே?
"குழையும் சுள்ளியும் ஆடு திண்டிட்டு," என்றார் காலையில்,
கள்ளக்கணக்கு எழுதாதவரின் குரலில்.

மூன்று வருட அளவையில்
தராசு ஏறிய ஒரே மரம்.
அதை அறிக்கையில் போட இடமில்லை.

இறப்பு: ஒன்று. காரணம்:
காற்று என்று எழுதி அடித்தேன்.
யானை என்று எழுதி,
அது ஏழாம் வலைக்கே போதும் என்று அடித்தேன்.
வெட்டு.
யார் என்ற கட்டம் படிவத்தில் இல்லை.

அடிக்கட்டையின் விளிம்பில்
விரல் நீளத்துக்கு ஒரு துளிர்.
ஐந்து இலை, ஒன்றில் புழுக்கடி.
மஃறூப் குறட்டால் ஆணியைப் பிடுங்கி
தகரத்தை உள்ளங்கையில் ஏந்தி நிற்கிறார்,
இதை எங்கே கட்டுவது, மிஸ்.

துளிரைவிடத் தகரம் பாரம்.