பத்து விநாடி

தெலுக் இந்தானில் மூடிப்போன சைபர் கடையில்
நூற்றெண்பது வெள்ளிக்கு எடுத்த பெட்டி.
உள்ளே ஒரு கிராஃபிக்ஸ் கார்டு,
அதன் இரண்டு விசிறியிலும்
பையன்கள் விளையாடித் தீர்த்த தூசி.
பழைய விண்டோஸ் செத்த மறுநாள்
பென்டிரைவில் இருந்து லினக்ஸ் போட்டேன், இலவசமாய்.
ஊத்தான் மெலிந்தாங் கடைத்தெருவில்
ரோட்டு வரி முதல் குடியுரிமை மனு வரை
பாரம் நிரப்பித் தரும் கடைக்கு
வேறென்ன வேண்டும்?

வேண்டியது திரை.
அது கறுத்துவிட்டது.

பெட்டி உயிரோடுதான் இருந்தது.
கேப்ஸ் லாக்கை அழுத்தினால்
பச்சை விளக்கு பதில் சொன்னது.
மத்தளத்தில் ஒரு தட்டுத் தட்டி
வந்துவிட்டேன் என்றது.
இருட்டிலேயே கடவுச்சொல்லை அடித்து உள்ளே போனேன்,
எங்கே போய்ச் சேர்ந்தேன் என்று தெரியவில்லை.

எதிர்மாடிக் குருவிக்கூட்டுக் கட்டடம்
இரவெல்லாம் ஒலிபெருக்கியில் கீச்சிடும்.
இல்லாத பறவைகளின் குரலால்
இருக்கிற பறவைகளைக் கூப்பிடும் வியாபாரம்.
அதைக் கேட்டுக்கொண்டே, கைப்பேசியில் படித்துப் படித்து,
துவக்க வரியின் கடைசியில்
நோமோட்செட் என்று சேர்த்தேன்.

படம் வந்தது.
வந்தது என்றால், எண்ணூறுக்கு அறுநூறு.
சந்தனமேரியின் மனுப் படத்தைத் திறந்தேன்.
நாலடிப் பத்தங்குலப் பெண்
செம்பனை லோரி அகலத்துக்கு உட்கார்ந்திருந்தாள்.
சிரித்துவிட்டேன். பிறகு வெட்கமாக இருந்தது.

காலை எட்டரைக்கு வருவாள். ஆறாவது மனு.
பிறந்தது ஐந்தாம் லயத்தில், அடைமழையில்.
பதிய யாரும் பெக்கானுக்குப் போகவில்லை.
நாற்பத்தொரு வயதிலும் சிவப்பு அட்டை.

டிரைவரை இறக்கினேன். ஏறிவிட்டது என்றது.
மறுபடி துவக்கினால் அதே லோரி.
பதிவேட்டைத் தோண்டினேன், ஒரே ஒரு வரி:
சாவி நிராகரிக்கப்பட்டது.
செக்யூர் பூட்டாம்.
கையெழுத்து இல்லாததை வாசலிலேயே நிறுத்துமாம்.
டிரைவர் உள்ளேதான் கிடக்கிறது,
ஒவ்வொரு பைட்டும் சரியாக,
பேரேட்டில் பெயர் மட்டும் இல்லாமல்.

ஒப்பிட நான் விரும்பவில்லை.
இரவு ஒன்றரைக்கு
எல்லாம் எல்லாவற்றையும் போலத்தான் இருக்கும்.

பதிய வழி உண்டு.
தற்காலிகமாய் ஒரு கடவுச்சொல் வைத்து மறுதுவக்கினால்
நீலப் பக்கம் ஒன்று வரும்.
ஏதாவது விசையை அழுத்து என்று
பத்திலிருந்து கீழே எண்ணும்.
முதல் தடவை மைலோ கலக்கப் போயிருந்தேன்.
திரும்பி வந்தால், எண்ணி முடித்துத்
தன் பாட்டுக்குப் போய்விட்டிருந்தது.
மறுபடி முதலில் இருந்து.

இரண்டாம் தடவை நாற்காலி நுனியில்,
ஸ்பேஸ் பாரின் மேல் விரல்,
புத்ராஜெயா கவுண்டரில் எண் சீட்டோடு
மூத்திரம் போகக்கூட எழுந்திருக்காமல்
உட்கார்ந்திருப்பேன் என்பாளே, அப்படி.

நீலம்.
சாவியைப் பதியவா? ஆம்.
தொடரவா? ஆம்.
கடவுச்சொல்லாய் நான் வைத்திருந்தது
அவள் மனுக்களில் ஐந்து முறை எழுதிய பிறந்த தேதி.
வேறு எட்டு எழுத்து அந்நேரம் தோன்றவில்லை.

அவ்வளவுதான்.
சாட்சி கேட்கவில்லை.
அப்பா அம்மா கல்யாணப் பத்திரம் கேட்கவில்லை.
மூன்று மாதம் கழித்து வா என்று சொல்லவில்லை.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுக்கு ஆயிரத்து எண்பது.
எழுத்தெல்லாம் ஊசியாய் நின்றன.
அவள் முகம் அதன் அளவுக்குத் திரும்பியது:
ஒடுங்கிய தாடை,
இடது புருவத்தை இரண்டாக்கும் பழைய தழும்பு.
ஜன்னலை வேகமாய் இழுத்தால் மட்டும்
படம் நடுவில் கிழிந்தது.
அதை நாளைக்குப் பார்க்கலாம்.

எட்டு இருபதுக்கே வந்துவிட்டாள்,
மில்லில் அரைநாள் லீவு போட்டு.
"புதுசாக்கா?"
"பழசுதான். உள்ள மாத்திருக்கேன்."
பிறந்த இடம் என்ற கட்டத்தை
கேட்காமலே நிரப்பினேன்.

பிரிண்டரைத்தான்
லினக்ஸ் இன்னும் அடையாளம் காணவில்லை.

பிளாஸ்டிக் நாற்காலியைத் துடைத்து
விசிறிக்குக் கீழே இழுத்துப் போட்டுக்கொண்டாள்.
"இருக்கேன்க்கா" என்றாள்.