ஆளுக்கு ஒன்று

டிஜோன். மூன்றாவது மாடி. லிஃப்ட் கிடையாது.
விவாகரத்துத் தாளில் ஒரு வரி:
மூலை அலமாரி இரண்டு, ஆளுக்கு ஒன்று.

முக்கோண உடம்பு, முன்னால் மட்டும் சின்னத் தொப்பை.
கதவில், மரத்துக்குள் மரம் பதித்த பூங்கொத்து.
ஜன்னலோரம் நின்றது வெயில் குடித்து வெளிறிவிட்டது.
இருட்டு மூலையில் நின்றது இன்னும் ஊதா.

மேலே சிவப்புச் சலவைக்கல்.
அதைப் படுக்கவைத்துத் தூக்கினால் உடையும்,
கண்ணாடிபோல் நிமிர்த்திப் பிடிக்க வேண்டும்.

மதாம் கிஸ்லேன் தட்டுகளைத் துடைத்தார்,
துடைத்த தட்டுகளையே.
ஆன்செல்ம் படிக்கட்டில் நின்று
எனக்கு வழிவிட்டார், ஏழு முறை.

அவள் புது வீட்டில் போர்வையைப் பிரித்தபோதுதான் தெரிந்தது,
கல்லை மாற்றிவிட்டேன்.
ஆன்செல்மின் ஒயின் கோப்பை
வட்டமாய் அரித்த கல்
இவள் அலமாரிமேல்.
மயிரிழைகூடப் பிசகாமல் பொருந்தியது:
ஒரே பாளத்தில் அறுத்தவை.
வெள்ளை நரம்பொன்று விளிம்பில் அறுந்து
ஊருக்கு அந்தப் பக்கம் எங்கோ தொடர்கிறது.

நான் சொல்லவில்லை.
மணி ஏழு, முதுகில் வலி.

மூன்று வாரம் கழித்து
விட்டுப்போன நாற்காலி ஒன்றைக் கொண்டுபோனேன்.
வட்டத்துக்குள் சாவிக்கொத்து,
கோட்டைத் தொடாமல்.

"பாலிஷ் போட்டால் போய்விடும், மதாம்."
"தெரியும்" என்றாள்.
நாற்காலியை எங்கே வைக்கட்டும் என்று கேட்டேன்.