கட்டம் பதினொன்று

கல்மண்டபம் தாண்டி, இறால் கம்பெனி மாடியில்
ஏற்றுமதிச் சான்றிதழ் அடிப்பது என் வேலை.
எந்தக் குளம், என்ன மருந்து தின்றது, எத்தனை டிகிரி,
எல்லாம் கேட்பார்கள்.
இருபத்தேழு நாட்டுக்கு ஒரே தாள், ஒரே முத்திரை.
முன்பு இருபத்தெட்டு.
ஒரு தீவு கோபித்துக்கொண்டு கிளம்பியதில்
அதற்கென்று தனித்தாள் வந்தது.
எனக்கு அரைமணி கூடுதல் வேலை வந்தது,
சம்பளம் வரவில்லை.

யோஸ்ட் நல்ல மனிதர். கிறிஸ்துமஸுக்கு சாக்லேட் அனுப்புவார்.
அவர் ஆங்கிலம் என் காதில் காசிமேட்டுத் தமிழாகத்தான் விழும்:
"பிரஸ்ஸல்ஸ்ல எவனோ குந்திகினு
என் வீட்டு உலைல உப்பு போடறான் பெனடிக்டா.
வெளிய வந்துடணும்."

சரி என்றேன்.
அப்புறம் ராட்டர்டாமில் இறங்குகிற பெட்டி
பக்கத்து நாட்டுக்குப் போக
மறுபடி தாள், மறுபடி சோதனை, நாலு நாள் காத்திருப்பு.
குளிர்ப்பெட்டி கரண்டுக்கு யார் காசு?
கொஞ்ச நேரம்
லைனில் கடல் மட்டும் இருந்தது.

அவர் கட்சி ஜெயித்தது.
ஜெயித்த வாரமே 'வெளியேறு' என்ற சொல்
அறிக்கையிலிருந்து வெளியேறியது.
உள்ளே இருந்தே சரிசெய்வார்களாம்.
வெறுக்கிற சபையில் நாற்காலி, படிக்காசு,
அவர்கள் திட்டுவதை
இருபத்திநாலு மொழியில் சொல்ல ஆள்.

எனக்கு ஆச்சரியமில்லை.
விசைப்படகு சங்கத்தையே கலைப்பேன் என்ற தேசப்பன்
இன்று சங்கச் செயலாளர்.
டீசல் மானியக் கையெழுத்து அவர் பேனாவில்.

தாளைக் கிழிக்க முடியாத கை
சும்மா இருப்பதில்லை, அதுதான்.
கிடங்கில் மூட்டை தூக்கும் ருமேனியாக்காரன் பெயரை
யோஸ்ட் இப்போது சொல்வதில்லை.
'அவங்க' என்கிறார்.

நேற்று சாயங்காலம் தெருமுனையில் மைக்.
"வடக்க இருந்து வந்தவன்லாம் வண்டி ஏறு!"
பையன்கள் விசிலடித்தார்கள்.
யோஸ்ட் எப்போது தமிழ் கற்றார் என்று
திரும்பிப் பார்த்தேன்.
தேசப்பன்.

கீழே தோல் உரிக்கும் கூடத்தில்
ஒடிசாப் பெண்கள் பதினாறு பேர்.
சுபாசினி பெஹரா மட்டும்
கூலியில் பத்து ரூபாய் குறைந்தால்
தமிழிலேயே சண்டை போடுவாள்.

கட்டம் பதினொன்று: பிறப்பிடம்.
இறாலுக்கு நான் ஒரு சொல் அடித்தால்
ஏழு கடலும் ஒப்புக்கொள்கிறது.
சுபாசினி வங்கிப் படிவத்தோடு மாடியேறி வந்திருக்கிறாள்.
விரலில் இறால் வாடை,
விரலுக்குக் கீழே முகவரிக் கட்டம்.
"இங்க எந்த ஊரு எழுதணும் அக்கா?"

ஜீரோ கேட்டில் வரிசை நீள்கிறது,
டிரைவர் ஹாரனை விடாமல் அடிக்கிறான்.
இரு, வரேன் என்று ஜன்னலில் கத்திவிட்டு
அவளிடம் பேனாவை வாங்குகிறேன்.