ஏழாம் வரிசை, இடப்பக்கம்

செடேலியா, மிசூரி. ஆகஸ்ட் கடைசி.
வெளியே கார் நிறுத்துமிடத்தில் தார் இளகுகிறது.
உள்ளே மூன்றாம் கல்லாவில் நான்.
பதினோரு வருஷமாக
இந்த ஊரின் ரகசியங்களைச்
சிவப்பு வெளிச்சத்தில் காட்டிக் காட்டி
பீப் என்று கத்த விடுகிறேன்.

தொழிலாளர் தினத்துக்கு முந்தின வாரம்
ஏழாம் வரிசையில் தள்ளுவண்டி நகராது.
பார்பிக்யூ சாஸ் மட்டும் நூற்றுப் பத்து வகை
(மழை நாளொன்றில் எண்ணினேன்).
கன்சாஸ் சிட்டிப் பாகு, கரோலினாக் கடுகு,
டெக்சாஸ்காரன் தூக்கிப் போட்ட மிளகு.
முக்கால்வாசிப் புட்டியில் ஒரு பன்றி,
சமையல்காரன் தொப்பி வைத்துக்கொண்டு
தன் விலாவுக்குத் தானே சப்புக்கொட்டுகிறது.
எனக்கு அந்தப் பன்றியைப் பிடிக்காது.

பின்பக்கம் படியுங்கள் என்பேன், கேட்டால்.
யாரும் கேட்பதில்லை.
எது அதிகமோ அது முதலில், அதுதான் சட்டம்.
சர்க்கரை முதலில் வந்தால்
அரை மணியில் கரி.
உப்பு முதலில் வந்தால்
நீங்கள் வாங்குவது உப்பு,
எட்டு டாலருக்கு, டப்பாவோடு.
பூண்டுத்தூள், வெங்காயத்தூள்,
புட்டியில் அடைத்த புகை,
எல்லாம் ஒளிவுமறைவில்லாமல்.
கடைசியில் ஒரே ஒரு சொல்:
மசாலாக்கள்.
அதற்குள் என்ன என்று கேட்டால்
கம்பெனி வாயைத் திறக்காது.

இமோஜீன் ஸ்ட்ரௌடின் பரம்பரை ரப்
இரண்டாம் தட்டு, பச்சை மூடி.
தீயணைப்பு நிலையத்து ராய்ஸ் டில்லரி
அன்னாசி சாஸை
நாய்த்தீனி மூட்டைக்கு அடியில் கொண்டுவருவார்.
ரசீதை நாலாக மடித்துக் கொடுப்பேன்.
பேச்சில்லை.

ஹாலிஸ் வாண்டிவர், பாப்டிஸ்ட் சபை டீக்கன்.
மூன்று வருஷம் தொடர்ந்து முதல் பரிசு.
என்ன போடுகிறீர்கள் என்று கேட்டால்
கையை மட்டும் விரித்துக் காட்டுவார்,
கைப்பக்குவமாம்.
இரண்டு டாலர் பத்தொன்பது சென்ட்,
ஆறு புட்டி,
இருப்பதிலேயே மட்டமான சாஸ்.
வண்டிக்குள் உட்கார்ந்து
நகத்தால் லேபிள் உரிப்பதைக்
கண்ணாடிக் கதவு வழியே பார்த்திருக்கிறேன்.

இந்த வருஷம் அந்த இடம் காலி.
விலைச்சீட்டு மட்டும் தட்டின் விளிம்பில்.
மே மாதமே நிறுத்திவிட்டார்கள்.

நாற்பது நிமிஷம் நின்றார்.
மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி
பொடியெழுத்து படித்தார்.
ஒவ்வொரு புட்டியையும் கவிழ்த்து
உள்ளே இருப்பது இறங்கும் வேகம் பார்த்தார்.
விலை அதிகமானதை எடுத்தார்,
குழந்தையை உரியவரிடம் விடுவதுபோல்
திரும்ப வைத்தார்.

என் இடைவேளை. போனேன்.
திரும்பிப் பார்க்காமலே கேட்டார்:
"இதுல எது அதுக்குக் கிட்டத்துல வரும்?"
எது என்று நான் கேட்கவில்லை.

"எதுவும் வராது," என்றேன்.
"கடுகு சாஸ் ரெண்டு, வினிகர் சாஸ் ஒண்ணு,
பேக்கிங் வரிசையில சோளப்பாகு இருக்கு.
மிச்சத்தை நீங்களே பார்த்துக்குங்க."
"நானா?" என்றார்.
சவ ஊர்வலத்தில் முன்னே நடக்கிற மனுஷன்,
பயந்து அன்றுதான் பார்த்தேன்.

நான்காம் இடம்.
பச்சை மூடி ஜெயித்தது.

செவ்வாய்க்கிழமை என் கல்லாவில்
அலுமினியத் தாளில் மடித்த இரண்டு விலா.
ஓய்வறையில், சோப்புப் பெட்டி மேல் உட்கார்ந்து
ஆறிப்போனதை அப்படியே தின்றேன்.
முதலில் கடுகு.
இனிப்பு பின்னால், கூப்பிடாமல் வந்ததுபோல்.
அப்புறம் ஏதோ ஒன்று,
தொண்டையின் ஓரத்தில், பெயர் தெரியாமல்.

"உப்பு கொஞ்சம் தூக்கல்," என்றேன்.
தலையாட்டினார், அவருக்கும் தெரியும்.
விரலைத் துடைத்துக்கொண்டே கேட்டேன்,
கடைசியில் வருதே, அது என்ன?

பின்னால் வரிசையில் நாலு பேர்.
அவர் குனிந்து, குரலைத் தாழ்த்தி,

"மசாலாக்கள்," என்றார்.