சாவி வைக்கும் இடம்

முதல் நாள் நான் செய்த தவறு
ஸ்கூட்டர் சாவியை மேசைமேல் போட்டது.
கண்ணாடி மேசை. ணங் என்றது.
ஹெப்சிபாவின் தோள்கள் காதுவரை ஏறியிருக்கும்.
நான் பார்க்கவில்லை.
ஐந்தாண்டில் எங்கே இருக்க விரும்புகிறீர்கள்
என்ற கேள்வியைத் தாளில் தேடிக்கொண்டிருந்தேன்.

டொம்ளூரில் மூன்றாவது மாடி.
கீழே பேக்கரி.
எதிரே எப்போதும் யாராவது சாலையைத் தோண்டுகிறார்கள்.
அவளை அனுப்பியது அவள் கம்பெனி.
படிவத்தில் எழுதியிருந்தது:
வேலையில் கெட்டி. கூட்டங்களில் வாய் திறப்பதில்லை.
ஆறு அமர்வுகளில் சரிசெய்யவும்.
ஏதோ குழாய் ஒழுகுவதுபோல.

இரண்டாம் முறை
வயிற்றிலிருந்து மூச்செடுக்கச் சொல்லித்தந்தேன்.
கண்ணை மூடுங்கள் என்றேன். மூடினாள்.
நெற்றி வியர்த்தது.
சொன்னதற்கெல்லாம் கீழ்ப்படிந்தே
தப்பித்து வந்த முகம் அது என்பது
ராத்திரி பாத்திரம் விளக்கும்போதுதான் எனக்கு உறைத்தது.

மூன்றாம் முறை
புத்தி வராமல் மறுபடி சாவியைப் போட்டேன்.
பார்த்தேன்.
கழுத்தில் ஒரு நரம்பு எழுந்து நின்றது.
கை பையின் வாரைப் பிடித்தது.
சொல்லிக்கொண்டிருந்த வாக்கியம் பாதியில் அறுந்து
சரி மேடம் சரி மேடம் ஆனது.

ஏன் என்று கேட்க நாக்கு துடித்தது.
கடித்துக்கொண்டேன்.
சாவியை எடுத்துப்போய்
வாசலில் என் ஷூவுக்குள் போட்டுவிட்டு வந்தேன்.
கதவு அவள் கண்ணில் படும்படி
நாற்காலியைத் திருப்பினேன்.
எழுந்து நடக்கலாம், ஜன்னலைப் பார்க்கலாம்,
இன்று போதும் என்றும் சொல்லலாம் என்றேன்.
"சொல்லலாமா?"
பன்னிரண்டாவது நிமிடம் சொன்னாள்.
பையை மாட்டிக்கொண்டு போயே போய்விட்டாள்.

பிறகொரு வெள்ளிக்கிழமை,
பங்காருப்பேட்டை ரயிலுக்கு இன்னும் நேரமிருக்க,
கேட்காமலே, ஜன்னலிடம் சொன்னாள்:
"அப்பா வருவதற்கு முன்னால் சாவிக்கொத்துதான் வரும்."
கிடங்குக் காவலாளி. நாற்பது சாவி.
தங்கவயல் குவார்ட்டர்ஸின் தகரக் கதவில்
அது விழும் சத்தத்திலேயே தெரிந்துவிடுமாம்
எந்த மாதிரி இரவு என்று.

பத்து வயது உடம்பு
சரியாகத்தான் கணக்குப் போட்டிருக்கிறது:
அசையாதே. தட்டு சத்தம் போடக் கூடாது.
தம்பியை உன் பின்னால் நிறுத்து.
கணக்கு தப்பவில்லை, இருவரும் பிழைத்தார்கள்.
இப்போது மேனேஜர்
அடையாள அட்டையை விரலில் சுழற்றினாலும்
உடம்பு அதே விடையை எழுதிவிடுகிறது.

என் சான்றிதழ் இந்த வாசல்வரைதான்.
ஃப்ரேசர் டவுனில் ஒரு மனநல மருத்துவரின்
பெயரும் எண்ணும் எழுதிக் கொடுத்தேன்.
"கைகழுவுறீங்களா?"
இல்லை. செவ்வாய் அவரிடம், வெள்ளி என்னிடம்.
இங்கே சில்லறை வேலைகள்:
கூட்டத்தில் எந்த நாற்காலி,
முதல் வாக்கியத்தை யார் முகத்தைப் பார்த்துச் சொல்வது,
உள்ளங்கால் தரையில் இருக்கிறதா,
தொண்டை அடைத்தால்
தண்ணீர் குடிக்க யாருடைய அனுமதியும் வேண்டாம்.

முன்னேற்றம் எத்தனை சதவீதம்
என்று கம்பெனி மின்னஞ்சல் அனுப்பியது.
வருகிறார் என்று மட்டும் பதில் போட்டேன்.
ஆறு ஒன்பதானது.
மூன்றுக்குப் பணம் வரவில்லை.

ஒன்பதாம் முறை
ஒரு புதுச் சாவியோடு வந்தாள்.
லிங்கராஜபுரத்தில் ஓர் அறை, கழிப்பறை தனி,
இனி ரயில் இல்லை.
கண்ணாடிமேல் மெல்ல வைத்தாள்.
எடுத்தாள்.
ஒரு சாண் உயரத்திலிருந்து போட்டாள்.
ணங்.
அவள் தோள்கள் கொஞ்சம் ஏறி, யோசித்து, இறங்கின.
இன்னும் உயரத்திலிருந்து இன்னொரு தடவை.

பிறகு என்னைப் பார்த்தாள்.
என் தோள்களை.
"உங்களுக்கு யாரு மேடம்?"

கீழே பேக்கரிக்காரர் ஷட்டரை இழுத்தார்.
நான் ஜன்னலைப் பார்த்தேன்.
இன்று போதும் என்றேன்.