வதிவிடமாகவும் கொண்ட

அச்சகத்துப் பெடியன் படிவத்தை நீட்டினான்.
கல்வெட்டுக்கு விபரம் வேணும் அக்கா,
வியாழனுக்குள்ள தந்தால்
முப்பத்தொண்டுக்கு முதலே அடிச்சுத் தரலாம்.
வெண்பா எங்களிட்ட இருக்கு,
பெயரும் திதியும் மாத்தினால் சரி.

புங்குடுதீவைப் பிறப்பிடமாகவும்.
அது சுகமாக எழுதுப்பட்டது.
பிறகு ஒரு புள்ளிக்கோடு,
பிறகு, வதிவிடமாகவும் கொண்ட
தம்பிமுத்து அருளம்பலம்.
கோட்டில் ஓர் ஊர்தான் கொள்ளும்.

மல்லாவி என்று எழுதினேன்.
பேனையை எடுக்க மனம் வரவில்லை.
அக்கராயனில் ஆறு கிழமை.
தருமபுரத்தில் யாரோ ஒருவரின் மாமரத்துக்குக் கீழ்.
விசுவமடுவில் பங்கர் வாசலில்
கையால் சுற்றும் மில் ஒன்றைப் பலகையில் பூட்டி
'அரைத்துக் கொடுக்கப்படும்' என்று
மட்டையில் எழுதித் தொங்கவிட்டார்.
மாத்தளனில் அரைக்க ஒன்றும் இருக்கவில்லை.
அப்பா சும்மா இருந்ததை
அங்கேதான் முதன்முதல் கண்டேன்.
செட்டிகுளத்துக் கூடாரத்துக்கு இலக்கம் மட்டும் இருந்தது.

தொழில்: வர்த்தகர்.
அண்ணன் கனடாவிலிருந்து சொன்னது அது.
கோட் போட்ட படம் போடச் சொல்கிறான்.
அப்பாவிடம் கோட் இருந்ததில்லை.
அச்சகத்தில் இருக்கிறதாம்,
கம்பியூட்டரில் கொழுவிவிடுவார்கள்.

அவர் மில்காரர்.
காலையில் அரிசி, குரக்கன்.
மத்தியானம் திரும்பினால்தான் மிளகாய்.
விதானையார் வந்து நின்றாலும் அதுதான் சட்டம்.
பிந்தி வந்த அரிசி
விடியும்வரை வாசலில் குந்தியிருக்கும்.

மில்லின் வயிற்றில் தங்கும் மா எங்களுக்கு.
இரவுப் பிட்டில் பத்து வீட்டு அரிசி,
ஒரு வாய் சிவப்பு, ஒரு வாய் வெள்ளை.
"மனுசன் இன்னும் ரெண்டு தட்டுத் தட்டலாம்"
என்று சனம் முணுமுணுத்தது உண்மை.
அவர் தட்டவில்லை.
ஐந்து பிள்ளைகள் நாங்கள்.
இதைக் கல்வெட்டில் போடேலாது.

வெளிக்கிட்ட இரவு
எஞ்சினுக்குக் கிறீஸ் பூசி, பொலித்தீன் சுற்றி,
பாலைமரத்திலிருந்து ஒன்பது கவடு அளந்து தாட்டார்.
திரும்பி வந்தபோது பாலை இல்லை,
அடிக்கட்டையும் இல்லை.
எதிலிருந்து ஒன்பது?
பதினொரு இடத்தில் கிண்டினார்.
பன்னிரண்டாவதை அம்மா விடவில்லை.
பதினொரு கிடங்கிலும் வாழைக்குட்டி வைத்தா.
லீசிங்கில் வந்த புது எஞ்சினை அப்பா
"கொம்பனிக்காரன்ர" என்றுதான் சொல்லுவார்,
கடைசித் தவணை கட்டிய பிறகும்.

அப்பா போய் ஐந்தாம் நாள்,
சாத்திய மில்லடியில் ஒருவன் சைக்கிளோடு நின்றான்.
பாண்டியன்குளம்.
பையில் மல்லி, மிளகு, சீரகம், வேர்க்கொம்பு, மஞ்சள்.
மனிசிக்குப் பிள்ளை பிறந்து மூன்று நாள்.
செத்தவீடு என்று தெரியாமல் வந்தவன்,
தெரிந்ததும் பையை முதுகுக்குப் பின்னால் ஒளித்தான்.
"எங்களுக்கும் துடக்குத்தான் அக்கா,"
மன்னிப்புக் கேட்கிற மாதிரிச் சொன்னான்.

அம்மா உள்ளேயிருந்து திறப்பை எறிந்தா.

முதலில் ஒரு சுண்டு தவிடு போட்டு
நேற்றைய, முந்தநாளைய, அவர் கடைசியாய் அரைத்த
மிளகாயைக் கல்லிலிருந்து எடுத்தேன்.
பிள்ளைப்பெத்தவளின் தூளில் உறைப்பு ஏறக்கூடாது.
தவிடு சிவப்பாய் வந்தது.
தும்மினேன்.
அவரைப்போல மூன்று தரம், அடுக்காக.
பிறகு சரக்கு.
பிறகு தட்டினேன்,
இரண்டு தட்டு, மூன்றாம் தட்டு,
வயிற்றில் ஒரு சிட்டிகையும் தங்காமல்.

இன்று வெள்ளி.
அச்சகத்துப் பெடியன் மூன்று தரம் எடுத்துவிட்டான்.
படிவம் மில் மேசையில் கிடக்கிறது,
மஞ்சள் படிந்து.
புள்ளிக்கோட்டில் மல்லாவி.
பக்கத்தில் நான் வைத்த காற்புள்ளி.