பதகளிப்பு

யோகாம்பிகை சொன்ன சொல் பதகளிப்பு.
டொச் மொழியில் நான் அதைப் பயம் என்று வைத்தேன்.
பீல் நகரம், மூன்றாம் மாடி,
மொழிபெயர்க்க எனக்கு மணிக்கணக்கில் கூலி.
பயம் என்றதும் மருத்துவரின் முகம் கனிந்தது.
எந்த ஊர், எந்த ஆண்டு, வீட்டில் எத்தனை பேர் போனார்கள்?
அவள் எண்களைச் சொன்னாள். நானும் சொன்னேன்.
அதற்குப் பிறகு அவள் உடம்பைப் பற்றி
ஒருவரும் கேட்கவில்லை.

ஆறு வருடம்.
இருநூற்றிப் பத்துக்கு நூற்றியிருபது.
கருவி பழுதென்று இன்னொன்று கொண்டுவந்தார்கள்,
அரை மணியில் நூற்றி முப்பது.
பார்த்தீர்களா, மனம்தான்.

சலவைக்கூடத்தில் ஈரத்துணிக் கூடைக்குக் குனிந்தால்
தலை வெடிக்கும், வேர்த்து ஊற்றும்,
வெளுத்த துணிபோல் ஆகிவிடுவாள்.
"குனியேக்கைதான் வருது, தங்கச்சி."
அதையும் சொன்னேன், ஒழுங்காகவே சொன்னேன்.
பயம் என்ற சொல்லுக்குப் பின்னால் வருவதெல்லாம்
பயத்தின் வேலையாகவே கேட்கும்.

கோடை விடுமுறைக்கு மாற்றாக வந்த பெண் மருத்துவர்
கோப்பை வாசிக்கவில்லை. நேரமில்லை.
குனியுங்கள், என்றார்.
குனிந்தாள்.
நாங்கள் இருவரும் பார்த்துக்கொண்டு நின்றோம்.

ஒரு நாள் முழுதும் சிறுநீர் சேர்க்கும் குடுவையை
குளிர்பெட்டியில் மீன்குழம்புக்குப் பக்கத்தில் வைத்தாளாம்.
மகன் அதை ஆப்பிள் சாறென்று எடுத்து
மூடியில் கைவைத்துவிட்டான்.

சிறுநீரகத்தின் உச்சியில் தொப்பிபோல் ஒரு சுரப்பி.
இடப்பக்கத் தொப்பிக்குள் நாலு சென்டிமீட்டர் கட்டி.
அதற்கு யுத்தம் தெரியாது, ஊர் தெரியாது.
சும்மா கிடந்த நாட்களிலும் ஓடு ஓடு என்று
இரத்தத்தை விரட்டிக்கொண்டிருந்தது.
இதைச் சொல்ல எனக்குச் சொல் தட்டுப்படவில்லை,
என் முதுகைத் தொட்டுக் காட்டினேன்.
"அப்ப எனக்கு விசர் இல்லை" என்று சிரித்தாள்.
நான் சிரிக்கவில்லை.

நவம்பரில் எடுத்தார்கள். ஏரிமேல் பனிமூட்டம்.
நூற்றியிருபத்தைந்துக்கு எண்பது.

போன கிழமை கோப் கடையில் கண்டேன்.
கீழ்த்தட்டில் உருளைக்கிழங்குப் பையைக்
குனிந்து எடுத்தாள், நிமிர்ந்தாள்,
விலையைப் பார்த்துத் திரும்ப வைத்தாள்.
"இரவு அந்தச் சத்தம் கனவில வந்தது, தங்கச்சி.
வேர்த்தது. நெஞ்சு அடிச்சது.
எழும்பிப் பிறசர் பாத்தன், நூற்றி நாப்பது.
கொஞ்ச நேரத்தில இறங்கீட்டுது.
இது என்ரை. கட்டியின்ரை இல்லை."

பயமா, என்றேன்.

ஓம், என்றாள்.
இதை நீங்கள் அப்படிச் சொல்லலாம்.